காடு விழுங்கும் மாளிகை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் நடந்த பட்டிமன்றம் நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். "கொடுங்கோலர் கட்டிய மாளிகைகளைக் காப்பதா? இடிப்பதா?" என்பது தலைப்பு. 'இடிப்பதே' என்று வாதிட்ட அணியில் மூன்றாவதாகப் பேசியவன் நான். ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில், அதிபர் மொபுட்டு காட்டுக்கு நடுவே கட்டிய அரண்மனையை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். "மக்கள் வயிற்றில் அடித்துக் கட்டிய கற்களை ஒன்று விடாமல் பெயர்த்தெறிய வேண்டும்!" என்று நான் முழங்கியபோது அரங்கில் கைதட்டல் எழுந்தது. எங்கள் அணியே வென்றது என்று நடுவர் தீர்ப்பளித்தார்.

அந்த விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது இந்த வெற்றிக் கதையை அப்பாவிடம் சொன்னேன். என் அப்பா கொத்தனார். அம்மா அவருடனேயே சித்தாளாக வேலை செய்கிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கரணையைக் கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அம்மாம் பெரிய தளம் போட்டிருக்காங்களே தம்பி, அதுக்கு எத்தனை பேரு சட்டி தூக்குனாங்கன்னு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கா?"

"இல்லைப்பா" என்றேன்.

"அப்ப அதையும் இடிச்சுப்புட்டா, அவங்க செஞ்ச வேலைக்கு என்ன சாட்சி?"

பட்டிமன்ற மேடையில் எதிரணியினர் எவரும் கேட்காத கேள்வி அது. கேட்டிருந்தால் நாங்கள் வென்றிருக்க மாட்டோம். அன்று முதல் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். வென்ற அணியில் நின்ற நான், இன்று தோற்ற அணியின் பக்கம் வந்து நின்று இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு சிற்றூரின் திடீர் வாழ்வு

காங்கோ சிறிய நாடன்று. பரப்பளவில் இந்தியாவில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு இருக்கும். பெல்ஜியத்தின் பிடியிலிருந்து 1960 ஜூன் 30ஆம் நாள் அது விடுதலை பெற்றது. ஏழு மாதம் முடியுமுன்பே, 1961 ஜனவரி 17ஆம் நாள், அதன் முதல் பிரதமர் பத்திரிஸ் லுமும்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழப்பத்தினூடே மேலேறி வந்த படைத்தலைவர் ஜோசப் மொபுட்டு, 1965 நவம்பர் 24ஆம் நாள் ஆட்சியைக் கைப்பற்றினார். 1971இல் நாட்டின் பெயரைச் 'சயீர்' என்று மாற்றினார். மறு ஆண்டு தம் பெயரையும் 'மொபுட்டு செசே செக்கோ' என்று தொடங்கும் நீண்ட பெயராக மாற்றிக்கொண்டார். மக்களும் தங்கள் கிறித்தவப் பெயர்களைக் கைவிட்டு ஆப்பிரிக்கப் பெயர்களைச் சூட்டிக்கொள்ள வேண்டுமென்று ஆணை பிறந்தது. தலையில் சிறுத்தைத்தோல் தொப்பி, கையில் செதுக்கிய கைத்தடி! தொலைக்காட்சியில் செய்தி தொடங்குமுன், மேகங்களுக்கு நடுவிலிருந்து அவர் முகம் கடவுளைப் போல இறங்கி வருமாம்!

அவருடைய முன்னோர் ஊர் கபாடோலிட்டே. தலைநகர் கின்ஷாசாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், உபாங்கி ஆற்றுக்கு அருகே, வட எல்லையை ஒட்டிய காட்டூர். மண்சுவர்க் குடிசைகள் சில இருந்த இடம். அங்கேதான் மொபுட்டு தம் கனவு நகரை எழுப்பினார். ஊருக்குள் ஓர் அரண்மனை. சற்றுத் தள்ளிக் கவேலே என்ற இடத்தில் இன்னொன்று. சீனக் கோபுரப் பாணியில் குளங்களோடு கூடிய மாளிகைத் தொகுதி வேறு! இத்தாலியின் கராரா மலையிலிருந்து பளிங்கு வந்து இறங்கியது. நீச்சல் குளங்கள் அமைந்தன. உபாங்கி ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுத்தார்கள். காட்டை வெட்டி 3,200 மீட்டர் நீளத்துக்கு விமான ஓடுதளம் போட்டார்கள். ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்ட் விமானத்தை மொபுட்டு வாடகைக்கு அமர்த்துவார். அது வந்து இறங்குவதற்காகத்தான் அத்தனை நீள ஓடுதளம்! பிரெஞ்சு அரசர்களின் புகழ்பெற்ற அரண்மனையோடு ஒப்பிட்டு, 'காட்டு வெர்சாய்' என்று மேலைநாட்டுச் செய்தியாளர்கள் அவ்வூருக்குப் பெயரிட்டார்கள்.

யார் வீட்டு நெய்?

'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. கபாடோலிட்டேயின் பளிங்குக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. காங்கோவின் மண்ணுக்குள் செம்பு உண்டு, வைரம் உண்டு, கோபால்ட் உண்டு. உலகில் தோண்டியெடுக்கப்படும் கோபால்டில் பாதிக்கும் மேல் இன்று அந்த ஒரு நாட்டிலிருந்தே வருகிறது. நம் கைப்பேசிகள் பலவற்றின் மின்கலத்திலும் அது இருக்கிறது. அத்தனை செல்வம் இருந்தும் என்ன பயன்? மொபுட்டு சுருட்டிய தொகை 500 கோடி டாலர் அளவுக்கு இருக்கும் என்று, ஊழலை ஆராயும் பன்னாட்டு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இண்டர்நேஷனல் 2004இல் மதிப்பிட்டது.

மறுபுறம் மக்களின் நிலை என்ன? ஐம்பது லட்சம் சயீர் என்று அச்சடித்த ஒற்றை நோட்டு வெளிவந்தது. கடைக்காரர்கள் அதை வாங்க மறுத்தார்கள். அந்த நோட்டில் சம்பளம் பெற்ற படைவீரர்கள் 1993 ஜனவரியில் கின்ஷாசாவில் கலகத்தில் இறங்கினார்கள். பள்ளிக்கூட நிலை இன்னும் மோசம். 1990களில் அரசு ஆசிரியர்களுக்கு ஊதியம் தருவது நின்றுபோய், பெற்றோரே காசு சேர்த்து ஆசிரியருக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டியதாயிற்று.

நண்பர்களே! இந்த ஒரு செய்தியைப் படித்தபோதுதான் என் நெஞ்சு சுட்டது. நான் படிப்பது அரசுக் கல்லூரி. எனக்குப் பாடம் சொல்லும் பேராசிரியருக்கு என் அப்பா சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால், நான் இன்று சாரத்தின் மேல் நின்று அவருக்குக் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். கவேலே மாளிகையின் பளிங்குப் படி ஒவ்வொன்றிலும் ஒரு பையனின் படிப்பு புதைந்து கிடக்கிறது. அந்தப் பையனை எனக்குத் தெரியாது. ஆனாலும் அவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருவன் மட்டும் உண்ட விருந்தா?

பட்டிமன்றத்தில் நான் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் மொபுட்டு என்ற ஒரே மனிதர் தலையில் கட்டினேன். ஆப்பிரிக்காவே அப்படித்தான் என்ற தொனியும் என் பேச்சில் இருந்திருக்கலாம். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

பொதுவுடைமை நாடுகளுக்கு எதிரான பனிப்போரில் மொபுட்டு தங்கள் பக்கம் நின்றார் என்பதற்காக, மேலைநாடுகள் அவரைத் தாங்கிப் பிடித்தன. கென்னடி காலம் தொடங்கி மூத்த புஷ் காலம் வரை வெள்ளை மாளிகை அவரை வரவேற்றது. 1978இல் கொல்வேசி நகரைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்தபோது பிரான்சும் பெல்ஜியமும் வான்வழியே படை இறக்கின. அந்நாட்டு மைய வங்கியைச் சீர்ப்படுத்தப் பன்னாட்டு நிதியத்தின் சார்பில் எர்வின் புளுமெந்தால் என்ற ஜெர்மானியர் சென்றார். கொடுத்த கடன் திரும்பி வராது என்று 1982இல் அவர் எச்சரித்தார். ஆயினும் கடன் நிற்கவில்லை. ஆட்சி முடியும்போது நாட்டின் தலையில் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் வெளிக்கடன் இருந்தது.

பளிங்கு விற்றவர்கள் யார்? விலை வாங்கிக்கொண்டவர்கள் யார்? பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தும் அந்த மண்டபங்களில் விருந்துண்டவர்கள் யார்? அந்த மாளிகையை இடித்தால், மொபுட்டுவின் குற்றத்தோடு இவர்கள் குற்றமும் சேர்ந்து மறைந்துபோகும். சாட்சியை ஒழிப்பதால் யாருக்கு ஆதாயம் என்று எண்ணிப் பாருங்கள்!

காடு திரும்பியது

1997 மே 16ஆம் நாள், கிளர்ச்சிப் படை நெருங்கிவர, மொபுட்டு கின்ஷாசாவை விட்டுக் கபாடோலிட்டேக்குப் பறந்தார். அங்கும் தங்க முடியவில்லை. கான்கார்ட் இறங்கிய அதே ஓடுதளத்திலிருந்து ஒரு சரக்கு விமானத்தில் ஏறித் தப்பினார். அது கிளம்பும்போது அவருடைய சொந்தப் படைவீரர்களே அதை நோக்கிச் சுட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் மொராக்கோவின் ரபாத் நகரில் நோயால் இறந்தார். அந்நிய மண்ணிலேயே அடக்கமானார்.

மாளிகைகள் சூறையாடப்பட்டன. கதவு, சன்னல், விளக்கு, தட்டுமுட்டுச் சாமான் எதுவும் மிஞ்சவில்லை. சுவரில் பதித்த பளிங்கைக்கூடப் பெயர்த்துச் சென்றார்கள். அண்மை ஆண்டுகளில் அங்கே சென்று வந்தவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால், கூரையற்ற கூடங்களில் செடிகொடி படர்ந்திருப்பதும், வறண்ட நீச்சல் குளங்களில் புல் முளைத்திருப்பதும் கண்முன் வருகின்றன. பார்க்க வருவோரிடம் சில்லறை வாங்கிக்கொண்டு ஊர்ச் சிறுவர்கள் இடிபாட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானையோ, இருந்தவரை ஊர்ப் பொன்னையெல்லாம் தின்றது. விழுந்தபின் அந்தச் சிறுவர்களுக்குச் சில்லறை தருகிறது.

வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இந்த மாளிகையை யாரும் இடிக்க வேண்டியதில்லை, விட்டுவிட்டாலே போதும். ஆய்வகத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் கரியமில வாயுவைச் செலுத்தினால் முதலில் பால்போல் வெளுக்கிறது. மேலும் செலுத்தினால் மீண்டும் தெளிந்துவிடுகிறது. வெளுப்பாகத் தெரிந்த கால்சியம் கார்பனேட், கரையும் பைகார்பனேட்டாக மாறிவிட்டது என்பது பொருள். பளிங்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். கரியமில வாயு கலந்த மழைநீர் அதை ஆண்டுக்கு ஆண்டு மெல்லக் கரைக்கும். கான்கிரீட்டுக்குள் நீர் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளிருந்தே நெட்டித் தளத்தைப் பிளக்கும். "தளம் வாய் பொளந்திருச்சுன்னா உள்ள கம்பி அழுகிருச்சுன்னு அர்த்தம்" என்று அப்பா சொல்வது இதைத்தான். அவர் பாடநூல் படித்ததில்லை. விடை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறார்!

எதிர்வாதங்கள்

'இடிப்பதே' என்று நான் அன்று சொன்ன காரணங்களை இன்று மறந்துவிடவில்லை. அவற்றில் இரண்டு வலுவானவை.

முதலாவது: ஏழை நாட்டில் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இல்லாத பணத்தை, கொள்ளைக்காரனின் மாளிகைக்குச் செலவிடலாமா? கூடாது என்றே இன்றும் சொல்வேன். பழையபடி பளிங்கு பதித்து, தங்க முலாம் பூசி, நீரூற்று விடுவது காப்பது ஆகாது. அது மொபுட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வதாகும்.

இரண்டாவது: அழகுபடுத்தி வைத்தால் அது கொடுங்கோலனுக்குக் கோயிலாகிவிடாதா? இந்த அச்சம் பொய்யன்று. அவ்வூர் முதியவர்கள் சிலர் மொபுட்டுவின் காலத்தை இன்றும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். அப்போது விளக்கெரிந்தது, விமானம் வந்தது, வேலை கிடைத்தது என்கிறார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வேலை தந்தவனை நினைப்பது உழைப்பவரின் இயல்பு. ஆனால் அந்த நினைவுக்குப் பக்கத்தில், அந்த வேலைக்கான கூலி யாருடைய பணம் என்ற கணக்கையும் யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

பிறர் செய்தது

வெர்சாய் அரண்மனை மட்டும் நேர்மையான பணத்தில் எழுந்ததா? புரட்சிக்குப்பின் அதன் பொருள்களையெல்லாம் ஏலம் விட்டார்கள். சுவர்களையும் இடித்திருக்கலாம், ஆனால் 1837இல் அதைக் காட்சியகமாக்கினார்கள். இன்று உலகமே சென்று வியக்கிறது. பாரிசுக்கு அருகே நின்றால் பெருமை, காங்கோக் காட்டில் நின்றால் கேலிப்பொருளா?

ஆப்பிரிக்காவிலேயே வேறு வழி காட்டியவர்கள் உண்டு. எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி, தம் ஆட்சிக்கு எதிராக 1960 டிசம்பரில் எழுந்த கலகத்தின்போது உயிர்கள் பலியான அரண்மனையையே அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் அதுவே. அரசர் படுத்த அறை காட்சிப்பொருள். சுற்றிலும் மாணவர் கூட்டம்! ருவாண்டாவில், 1994 ஏப்ரல் 6ஆம் நாள் சுட்டு வீழ்த்தப்பட்ட அதிபர் ஹப்யாரிமானாவின் விமானம் அவர் மாளிகை வளாகத்திலேயே விழுந்தது. அந்த மாளிகை பின்னர் காட்சியகமாயிற்று. விமானத்தின் சிதைவுகளையும் அகற்றாமல் விட்டுவைத்தார்கள். அதைத் தொடர்ந்த இனப்படுகொலையில் உறவினரைப் பறிகொடுத்த மக்கள், அந்த நினைவுச் சின்னத்தை மறைக்கவில்லை.

என்ன செய்யலாம்?

காங்கோ மக்களுக்குக் கட்டளையிட நான் யார்? ஆனாலும் ஒரு கொத்தனார் மகனாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மாளிகையைப் புதுப்பிக்க வேண்டாம். விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். தளத்தில் நீர் தேங்காமல் வடிகால் திறக்க வேண்டும். சுவரைப் பிளக்கும் மரங்களை வெட்ட வேண்டும். சாயும் தூணுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இவற்றுக்குக் கராரா பளிங்கு தேவையில்லை. உள்ளூர்க் கைகளே போதும். சில்லறைக்கு வழிகாட்டும் சிறுவர்கள் பள்ளிக்குச் செல்லட்டும். அவர்களுடைய தாய்தந்தையரைச் சம்பளத்துக்குக் காவலர்களாக அமர்த்தட்டும். பெயர்த்த பளிங்கின் தழும்பைப் பூசி மறைக்க வேண்டாம். அதுவும் வரலாறே.

அடுத்து, சுவரில் கணக்கு எழுத வேண்டும். எந்த ஆண்டில் எவ்வளவு கடன் வந்தது, யார் கொடுத்தார்கள், அதே ஆண்டில் எத்தனை பள்ளிகளில் ஆசிரியருக்குச் சம்பளம் நின்றது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். கடன் கொடுத்த நாடுகளும் இந்தக் காவல் செலவில் பங்கேற்கட்டும். விருந்துண்டவர்கள் இலை எடுக்கவாவது வரலாம் அல்லவா?

எல்லாவற்றுக்கும் மேலாக, விரைந்து செய்ய வேண்டியது ஒன்றுண்டு. காடு வெட்டியவர்கள், கல் சுமந்தவர்கள், கலவை குழைத்தவர்கள் பலர் இன்று கிழவர்களாக இருப்பார்கள். சுவர் விழுவதற்குள் அவர்கள் விழுந்துவிடுவார்கள். ஊர் ஊராகச் சென்று அவர்கள் பெயரைக் கேட்டு எழுதி, அந்த வாசலில் செதுக்க வேண்டும். மொபுட்டுவின் பெயர் உலகுக்குத் தெரியும். அதைச் செதுக்க வேண்டிய தேவையில்லை.

என் அப்பா கட்டிய வீடுகள் எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ. எதிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் எந்தச் சுவர் அவருடையது என்று கேட்டால், தெருவில் நின்றபடியே கை நீட்டிக் காட்டுவார். கபாடோலிட்டேயிலும் அப்படிக் கை நீட்டிக் காட்டக்கூடிய ஒரு கிழவர் இருப்பார். அவர் காட்டுவதற்கு அந்தச் சுவர் நிற்கட்டும்.